மூலைக்கு ஒரு தட்டு: காரைக்குடியில் என் மகள் படித்த, தாளத்தில் வடிவம் சொல்லித்தரும் சனிக்கிழமை வகுப்பு

பள்ளத்தூரில் ஒரு வீட்டு முகப்புக்கு ஆத்தங்குடிக் கல் பதித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டைமண்டாகப் பதிக்கச் சொல்லியிருந்தார், அதாவது கல்லின் மூலை வாசலைப் பார்க்கும்படி. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் மகளும் கூட வந்திருந்தாள். ஆறு வயது. மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து வந்து கேட்டாள்: “அப்பா, உள்ள பூராம் சதுரக் கல்லு போட்டிருக்கீங்க, இங்க மட்டும் ஏன் டைமண்ட் கல்லு வாங்குனாங்க?”

இரண்டும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்த கல். ஒன்றை எடுத்து அவள் முன்னால் நேராக வைத்தேன். “சதுரம்” என்றாள். அதையே மூலை அவளைப் பார்க்கும்படி திருப்பினேன். “இப்ப டைமண்ட்” என்றாள். மறுபடி திருப்பினேன். “இப்பச் சதுரம்.” அவள் கண் முன்னாலேயே ஒரே கல் இரண்டு கல்லாக மாறிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று வேலை ஓடவில்லை. இருபது வருஷமாகச் சதுரத்தை வைத்துச் சோறு தின்கிறவன் மகளுக்குச் சதுரம் தெரியவில்லையே என்ற வருத்தம்.

அவள் மேல் தப்பில்லை. வீட்டில் ஒரு பொம்மை இருந்தது. ஆன்லைனில் 899 ரூபாய் கொடுத்து நான்தான் வாங்கினேன். பிளாஸ்டிக் பலகை, அதில் கலர் கலராக வடிவங்கள், ஒவ்வொன்றையும் அமுக்கினால் ஒரு பாட்டு. அதில் முக்கோணம் என்றால் எப்போதும் கூரை மாதிரி உச்சி மேலே, அடி கீழே. சதுரம் எப்போதும் நேராக. அதுக்குப் பக்கத்தில் டைமண்ட் என்று தனியாக ஒன்று, அதுக்குத் தனிப் பாட்டு. வட்டம் என்று பந்துப் படத்தைப் போட்டிருந்தார்கள். பொத்தானை அமுக்குவது மட்டும்தான் பிள்ளைக்கு வேலை. கை தடவிப் பார்க்க ஒன்றும் கிடையாது, எல்லாம் அச்சடித்த படம். மூன்று மாதத்தில் பாட்டும் நின்றுவிட்டது. பொம்மையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை, ஆனால் அந்த வகுப்பைப் பற்றி எழுத இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மகள் படித்தது பெயரை. வடிவத்தை இல்லை.

வகுப்புக்கு வருகிறேன். செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியில் நடக்கிறது. டீச்சர் பாட்டு வாத்தியார். வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவர், முன்பு தொடக்கப் பள்ளியிலும் வேலை பார்த்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், இருக்கிற பிள்ளைகளுக்கே இடம் பத்தவில்லையாம். எட்டுச் சனிக்கிழமை, மாலை 4 மணி முதல் ஐந்தரை வரை. ஒரு பிள்ளைக்கு 1,200 ரூபாய். ஐந்து வயதிலிருந்து எட்டு வரை, எங்கள் பேட்சில் 14 பேர். பெற்றோர் ஓரமாகப் பட்டாலையில், அதாவது மேடான பகுதியில் உட்காரலாம். நான் எட்டு வாரமும் உட்கார்ந்தேன், இரண்டு சனிக்கிழமை அரைநாள் கூலியை விட்டுவிட்டு.

முதல் நாள் தரையில் பாய்த்துண்டுகள் போட்டிருந்தார். ஒரு பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் நான்கு. மூன்றுக்கு ‘தகிட’, நான்குக்கு ‘தகதிமி’, இரண்டும் மிருதங்கத்தின் தாளச் சொல்கட்டு. மூலைக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஒரு தட்டு. ஒரு கல்லூரித் தம்பி மிருதங்கம் வாசித்தார். த என்றால் ஒரு பாய், கி என்றால் அடுத்தது, ட என்றால் மூன்றாவது, மறுபடி த என்றால் கிளம்பிய இடம். அவ்வளவுதான் விளையாட்டு. அரை மணி நேரத்தில் ஐந்து வயசுப் பிள்ளைகள்கூட முக்கோணத்தைக் காலால் போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘தகதகிட’ வந்தபோது ஐந்து மூலை. ‘தகிட தகிட’ ஆறு மூலை. ‘தகிட தகதிமி’ ஏழு. ஏழு மூலை உருவத்தை நான் எந்தத் தரையிலும் பதித்ததில்லை, அன்றைக்குத்தான் பிள்ளைகள் நடந்து பார்த்தேன்.

இதில் ஒரு விளையாட்டை விவரமாகச் சொல்ல வேண்டும். மூன்று பாயில் என் மகள், நான்கு பாயில் ஒரு பையன். இரண்டு பேரும் ஒரே தட்டில் கிளம்ப வேண்டும், தட்டுக்கு ஒரு பாய் நகர வேண்டும். கிளம்பிய பாய்க்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எப்போது வந்து சேருவார்கள் என்று மற்ற பிள்ளைகள் சொல்ல வேண்டும். என் மகள் மூன்று தட்டில் வந்துவிட்டாள், பையன் நான்காவது பாயில் நிற்கிறான். அவன் வந்து சேர்ந்தபோது இவள் நகர்ந்துவிட்டாள். பிள்ளைகள் ‘ஐயோ ஐயோ’ என்று கத்துகிறார்கள். இவள் ஆறில் வந்தாள், அவன் எட்டில் வந்தான், இவள் ஒன்பதில் வந்தாள். பன்னிரண்டு தட்டு முடிந்து அடுத்த ‘த’ விழுந்தபோது இரண்டு பேரும் வீட்டுப் பாயில் ஒன்றாகக் குதித்தார்கள். மிருதங்கத் தம்பி அந்த இடத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வளவே அதிர்ந்தது. என் மகள் மூச்சு வாங்க ஓடி வந்து, “அப்பா, அவன் மூணு சுத்து, நான் நாலு சுத்து!” என்றாள். மூணு நாலு பன்னிரண்டு, நாலு மூணு பன்னிரண்டு என்று நாங்கள் வாய்ப்பாடாக ஒப்பித்தது. இவள் உடம்பால் கண்டுபிடித்துவிட்டாள்.

வட்டத்துக்கு என்ன செய்வார் என்று எனக்கு ஆவல். மூலை இல்லையென்றால் தட்டு எங்கே விழும்? டீச்சர் சுருதிப் பெட்டியைத் திறந்துவிட்டார். மிருதங்கம் நின்றது. ‘உம்’ என்ற ஒரே ஓசை, நிற்காமல். அந்த ஓசைக்குள் பிள்ளைகள் எங்கேயும் நிற்காமல், எங்கேயும் திரும்பாமல், வளைந்துகொண்டே நடந்தார்கள். ‘எங்க ஆரம்பிச்சோம்?’ என்று கேட்டார் டீச்சர். ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள். எல்லாமே சரி என்றார். வட்டத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

இனி மகளின் டைமண்டுக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் மரப்பலகை வந்தது. ஆசாரியிடம் சொல்லிச் செய்தது, பழைய தேக்கு. முக்கோணம், சதுரம், செவ்வகம், வட்டம் என்று குழி வெட்டி, அதே அளவில் கட்டைகள். கட்டையின் ஒரு முகத்தில் வண்ணம் அடித்திருக்கிறது. அந்த முகம் மேலேயே இருக்க வேண்டும், கவிழ்க்கக் கூடாது. கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, கட்டையைத் திருப்பித் திருப்பி எத்தனை விதமாகக் குழிக்குள் இறங்கும் என்று கைக்கே கேள்வி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒரு முழுச் சுற்றில் மூன்று தடவை இறங்கியது. சதுரம் நான்கு. செவ்வகம் இரண்டே. வட்டம் எப்படித் திருப்பினாலும் இறங்கியது. என் வீட்டுப் பிளாஸ்டிக் பலகைக்குள்ளும் இந்த விஷயத்தை வைத்திருக்கலாம், அச்சடித்த படமாக்கிக் கெடுத்துவிட்டார்கள்.

அப்புறம் டீச்சர் பலகையையே சாய்த்துப் பிடித்தார். சதுரக் குழி இப்போது டைமண்டாக நிற்கிறது. ஒரு சின்னப் பாட்டைத் தாழ்ந்த சுருதியில் பாடினார், அதையே சுருதியை ஏற்றிப் பாடினார். “பாட்டு மாறிச்சா?” “இல்ல டீச்சர்.” “எது மாறிச்சு?” “மேல போயிருச்சு.” “அப்ப இந்தச் சதுரம்?” ஒரு நொடி யாரும் பேசவில்லை. என் மகள்தான் சொன்னாள், “சாஞ்சிருக்கு டீச்சர். சதுரந்தான்.” நான் பட்டாலையில் உட்கார்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

இந்தப் பலகை, கட்டை எல்லாம் எங்கே பிடித்தது என்று டீச்சரைக் கேட்டேன். ஜெர்மனியில் ஃபிரோபெல் என்பவர் 1837-லேயே சின்னப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் உருண்டை, உருளை, கனசதுரம் மூன்றையும் மரத்தில் செய்து கையில் கொடுத்தார், கூடவே பாடி விளையாடப் பாட்டுகளும் தொகுத்தார் என்றார். குழியும் கட்டையும் மரியா மாண்டிசோரி அம்மையார் வழி. அந்த அம்மையார் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். இரண்டையும் நம் சொல்கட்டோடு சேர்த்தது டீச்சரின் வேலை.

ஃபிரோபெலின் அந்த மூன்று கட்டையும் நான்காம் வாரம் வந்தன. கனசதுரத்தின் ஒரு முகத்தின் நடுவில் கொக்கி அடித்துக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை முறுக்கி விட்டார். சுற்றச் சுற்ற மூலைகள் கரைந்து உருளையாகத் தெரிந்தது. “தூண்!” என்று ஒரு பிள்ளை கத்த, எல்லாரும் முற்றத்து மரத்தூணைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்துக்கு அந்த வீடே பாடப் புத்தகமாக இருந்தது. இதை நகரத்து ஏசி அறையில் நடத்தினால் பாதிதான் விளங்கும்.

ஐந்தாம் வாரம் கொட்டான், அதாவது பனை ஓலைக் கூடை முடையும் ஆச்சி ஒருவர் வந்தார். செட்டிநாட்டுக் கொட்டானை நாம் எல்லாரும் விசேஷ வீட்டில் பார்த்திருக்கிறோம், ஆனால் அடி நான்கு மூலை, வாய் வட்டம் என்பதை நானே அன்றுதான் கவனித்தேன். ஆச்சி ஒரு கொட்டானைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, “அடியில மூலை இருக்கா, அதைப் பிடிச்சுக்கிட்டே மேல வாங்க, எங்க காணாமப் போகுதுன்னு சொல்லுங்க” என்றார். விரல் ஏறிக்கொண்டே போய் வாய்க்குப் பக்கத்தில் தடுமாறிற்று. “இங்கயா?” “இல்ல, இன்னுங் கொஞ்சம் மேல.” யாராலும் ஒரு புள்ளியைக் காட்ட முடியவில்லை. பிறகு ஓலையில் சின்னப் பாய் முடைந்தார்கள். ‘ஒண்ணு மேல, ஒண்ணு கீழ’ என்று ஆச்சியே ராகம் போட்டு இழுத்தார். என் மகள் முடைந்தது கோணல்மாணல், இன்றும் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் நிறை. ஆறாம் வாரத்தில் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அன்று கயிறு வந்தது. பன்னிரண்டு அடிக் கயிறு, அடிக்கு ஒரு முடிச்சு, இரண்டு நுனியும் சேர்த்துக் கட்டியது. பிள்ளைகள் முடிச்சைப் பிடித்து இழுத்து உருவம் ஆக்க வேண்டும், அடிக்கு ஒரு சொல் சொல்லி நடக்க வேண்டும், மூலையில் ‘த’ விழ வேண்டும். அருமையான யோசனை. ஆனால் இந்தக் கணக்கில் சதுரத்தின் பக்கம் மூன்று அடி, அதனால் ‘தகிட’ நான்கு தடவை. முக்கோணத்தின் பக்கம் நான்கு அடி, அதனால் ‘தகதிமி’ மூன்று தடவை. முதல் வாரம் ‘தகிட’ என்றால் முக்கோணம் என்று காலில் ஏற்றிவிட்டு, இப்போது ‘தகிட’யைச் சதுரத்துக்குக் கொடுத்தால் சின்னப் பிள்ளை என்ன செய்யும்? மூன்று குழந்தைகள் அழாத குறை. முதலில் மூலையை எண்ணினோம், இப்போது அடியை எண்ணுகிறோம் என்று ஒரு வாரம் அதற்கென்றே ஒதுக்கியிருக்க வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஐந்து வயசும் எட்டு வயசும் ஒரே வகுப்பில் இருப்பதன் சிக்கல் அன்றுதான் வெளியே வந்தது. அடுத்த பேட்சை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று டீச்சரிடம் நேரிலும் சொன்னேன்.

குழப்பம் தீர்ந்த பிறகு அந்தக் கயிறு செய்ததை மறக்க முடியாது. செவ்வகம் கேட்டபோது ‘தகதிமி தக தகதிமி தக’ வந்தது, நான்கு அடிக்கு இரண்டு அடி. என் மகளும் இன்னொரு பெண்ணும் தாங்களாகவே ‘தகதகிட த தகதகிட த’ என்று ஐந்துக்கு ஒன்றில் ஓர் ஒல்லிச் செவ்வகம் இழுத்தார்கள். பிறகு ஒவ்வொரு முடிச்சாக நகர்த்திக்கொண்டே வந்தார்கள். ஐந்துக்கு ஒன்று, நான்குக்கு இரண்டு, அடுத்து மூன்றுக்கு மூன்று. “டீச்சர், இது செவ்வகமா சதுரமா?” என்று மகள் கேட்டாள். “சதுரம்” என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்ததுக்குப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் போய், “டீச்சர், அது ரெண்டுந்தானே? பிள்ளை வாசல் வரைக்கும் வந்துச்சு, நீங்க கதவைத் திறக்காம போயிட்டீங்க” என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “இந்த வயசுக்கு வேண்டாம்னு நினைச்சேண்ணே. ஆனா அது தானாக் கேட்டுச்சே, சொல்லியிருக்கணும்” என்றார். அடுத்த வாரம் முதல் வேலையாக அதே கயிற்றை எடுத்து, சதுரமும் ஒரு செவ்வகம்தான், நாலு பக்கமும் சமமாப் போன செவ்வகம் என்று காட்டினார். இந்தக் குணத்துக்காகவே என் சின்னவனையும் அனுப்பப் போகிறேன்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. நான்கு பிள்ளைகள் கயிற்றில் சதுரம் பிடித்திருக்கும்போது இரண்டு பேர் எதிரெதிரே கொஞ்சம் நெருங்கினால் அது நசுங்கிச் சாய்சதுரம் ஆகிவிடும். ‘தகிட’ நான்கு தடவை அப்போதும் அப்படியேதான் வரும். கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசமே தெரியாது. தாளம் பக்கத்தை எண்ணும், மூலையை அளக்காது. அதற்குக் கை வேண்டும். அடுத்த வாரம் என் மூலை மட்டத்தை, அதாவது மூலை செங்கோணமா என்று வைத்துப் பார்க்கும் கருவியைக் கொண்டுபோனேன். பிள்ளைகள் கயிற்றின் ஒவ்வொரு மூலையிலும் அதை வைத்துப் பார்த்தார்கள். எதிர் மூலைக்கு எதிர் மூலை இரண்டு குறுக்கும் சமமா என்று நூல் பிடித்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். பிளாஸ்டிக் பொம்மையின் டைமண்ட் இந்த நசுங்கின உருவம், பள்ளத்தூரில் நான் பதித்தது சாய்த்து வைத்த சதுரம் என்று அப்போதுதான் மகளுக்குப் பிரித்துக் காட்ட முடிந்தது.

அன்றே டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டு, “கொத்து வேலையில கயித்துல மூலை எப்படிண்ணே எடுப்பீங்க?” என்று கேட்டார். மூன்று, நான்கு, ஐந்து என்றேன். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஐந்து அடி வந்தால் மூலை சரி. அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், முகம் மலர்ந்துவிட்டது. “தகிட, தகதிமி, தகதகிட. பன்னிரண்டுண்ணே!” மூன்றும் நான்கும் ஐந்தும் சேர்ந்தால் பன்னிரண்டு, அந்தக் கயிறு முழுசாகத் தீர்ந்துவிடும். பிள்ளைகள் அதையும் இழுத்து நடந்தார்கள், தகிடவும் தகதிமியும் சந்திக்கும் மூலையில் மட்டத்தை வைத்தால் பொருந்தி நின்றது. இத்தனை வருஷம் டேப்பில் பார்த்த கணக்குக்குள் ஒரு தாளம் இருந்திருக்கிறது.

அதே கயிற்றுக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்றும் விளையாடினார்கள். கயிறு அதேதான். சதுரம் 9 சதுர அடி, நான்குக்கு இரண்டு செவ்வகம் 8, ஒல்லிச் செவ்வகம் 5, மூன்று நான்கு ஐந்து முக்கோணம் 6, வட்டம் போட்டால் ஏறக்குறைய பதினொன்றரை. பிள்ளைகளுக்குச் சதுர அடி எதற்கு? ஒல்லிச் செவ்வகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற பையன் வட்டத்துக்குள் வந்ததும் சிரித்தான் பாருங்கள், அது போதும்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 4 மணி வகுப்பு நாலே காலுக்குக் குறைந்து ஒருநாளும் தொடங்கவில்லை. நேரத்துக்கு வராத பெற்றோர்தான் காரணம். மிருதங்கத் தம்பிக்குப் பரீட்சை என்று இரண்டு வாரம் செல்போனில் போட்டார்கள், வளவில் எதிரொலித்துத் தட்டு எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. அந்த இரண்டு வாரமும் பிள்ளைகள் சோர்ந்துதான் நடந்தார்கள். வீட்டில் செய்து பார்க்க எதுவும் கொடுத்துவிடுவதில்லை. மழை வந்தால் முற்றத்துச் சாரல் தரை வரைக்கும் அடிக்கிறது, அந்தக் கல் ஈரத்தில் வழுக்கும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். கோணிச் சாக்கு விரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு வேலை. மகள் வந்திருந்தாள், இப்போது அவளுக்கென்று ஒரு கயிறு இருக்கிறது. அறையின் மூலையில் அதை வைத்து தகிட, தகதிமி என்று இழுத்துக் கட்டிவிட்டு, மூன்றாவது பக்கத்துக்கு வந்து நின்றுகொண்டாள். “அப்பா, தகதகிட பத்தல. கயிறு எட்டமாட்டேங்குது.” டேப் போட்டேன். ஐந்து அடி இரண்டு அங்குலம். பழைய சுவர், மூலை விரிந்திருக்கிறது. ஓரக் கல்லை நான் வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதை அவள்தான் எனக்கு முதலில் சொன்னாள்.

வீட்டில் இந்தக் கயிறு செய்ய நினைப்பவர்கள் நைலான் வாங்காதீர்கள், இழுத்தால் நீளும். பருத்திக் கயிற்றை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகு அளந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் நனைப்பிலேயே சுருங்கிவிடும். முடிச்சுப் போட்டால் ஒவ்வொரு முடிச்சும் கயிற்றைக் கொஞ்சம் தின்னும், அதனால் அடிக்கு அடி சிவப்பு நூலைச் சுற்றி அடையாளம் வையுங்கள். நுனிகளைச் சேர்த்துக் கட்ட இரண்டு பக்கமும் அரை அடி கூடுதலாக விடுங்கள். அடுத்த பேட்ச் தை பிறந்ததும் தொடங்குகிறது. வழி தெரியாதவர்கள் என்னைக் கேட்டால் சொல்கிறேன்.